மங்கல் எழுத்து, எறும்பு மெனு, காணாமல்போன பொத்தான்: புதிய திரையில் பழைய மென்பொருளைச் சரிக்கட்டுவது எப்படி?

மார்த்தாண்டத்தில் கல்யாண அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்று. 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "தம்பி, மானிட்டர் சரியில்லை. எழுத்தெல்லாம் புகைமூட்டமாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்" என்று கடைக்காரர் போனில் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். டெஸ்க்டாப் பளிச்சென்று இருந்தது, உலாவியும் அப்படியே. இருபது ஆண்டுப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் மட்டும்தான் மங்கல். அதன் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பக்கமும் தெரியும்படி சுருக்கி வைத்திருந்ததால் 'தக்கலை' என்ற ஊர்ப்பெயரில் புள்ளி ஒற்றைப் பிக்சல் அளவுதான். அந்த ஒரு பிக்சலும் நீட்டப்பட்டுச் சாம்பல் நிறத்தில் கரைந்துபோயிருந்தது. அவர் கண்ணுக்கு அது 'தககலை'. ஊர்ப்பெயரையே தப்பாக அடித்துவிட்டார்கள் என்று துண்டுச்சீட்டில் குறித்தும் வைத்துவிட்டார். பிரிண்ட் எடுத்துக் காட்டினோம். புள்ளி அதன் இடத்திலேயே இருந்தது. அச்சு இயந்திரத்துக்குத் தனித் தெளிவுத்திறன் (ரெசல்யூஷன்) உண்டு, திரையின் கோளாறு அதைத் தொடாது.

இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இங்கே பெரிதாக்குவது யார்?

விண்டோஸின் பழைய கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதுதான் 100 சதவீதம். 120 என்றால் 125 சதவீதம், 144 என்றால் 150, 192 என்றால் 200. பழைய 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல் இருப்பதால் கணக்கு தானாகவே பொருந்திவிடும். 27 அங்குல 4கே திரையில் இது சுமார் 163. 15.6 அங்குல 4கே லேப்டாப்பில் 282. நூறு பிக்சல் அகலத்தில் வரைந்த பொத்தானை அந்த லேப்டாப்பில் அப்படியே வைத்தால் பழைய அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். ஆகவே யாராவது ஒருவர் பெரிதாக்கியே தீரவேண்டும்.

அந்த வேலையை மென்பொருளே செய்தால் எழுத்து கூர்மையாக இருக்கும். அதற்குத் தெரியாவிட்டால், திரை 96 கணக்குதான் என்று விண்டோஸ் அதனிடம் பொய் சொல்லி வரையவைத்து, வந்த படத்தை இழுத்து நீட்டும். 2007-இல் விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்போடு வந்த ஏற்பாடு இது. நீட்டிய படம் மங்கத்தான் செய்யும். கணினி குறைந்த தெளிவுத்திறனில் படம் அனுப்பினால் மானிட்டர் தன் பங்குக்கு நீட்டும். அப்போது திரை முழுக்க மங்கல். யாருமே செய்யாவிட்டால் எறும்பு எழுத்து. இருவர் போட்டிபோட்டுச் செய்தால், ஒரு சட்டைக்கு இரண்டு தையற்காரர் அளவெடுத்த கதைதான்.

யார் என்று கண்டுபிடிக்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' பட்டியலில் 'டிபிஐ அவேர்னஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிபிஐ என்றால் மேலே பார்த்த, அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்குதான். 2018-இல் வந்த விண்டோஸ் 10 1809 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. 'அன்அவேர்' என்றால் மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது, விண்டோஸ்தான் நீட்டுகிறது. 'சிஸ்டம்' என்றால் முதன்மைத் திரையின் அளவை மட்டும் அறியும். 'பெர்-மானிட்டர்' என்றால் ஒவ்வொரு திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான். சொன்னபடி செய்கிறதா என்பது வேறு விஷயம்.

திரை முழுவதும் மங்கல்

மென்பொருளைக் குற்றம் சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே. தெளிவுத்திறன் பட்டியலில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து பொடியாகிவிடும் என்று பயந்து தெளிவுத்திறனைக் குறைத்து வைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பொடியானால் கூட்டவேண்டியது 'ஸ்கேல்' சதவீதத்தை. தெளிவுத்திறனை அதன் இயல்பான அளவிலேயே விட்டுவிடவேண்டும்.

அது சரியாக இருந்தும் மங்கலாக இருந்தால் அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யைத் திறந்து, டெஸ்க்டாப்பின் அளவும் உண்மையில் மானிட்டருக்குப் போகும் சிக்னலின் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறாக இருந்தால் நடுவில் கேபிளோ கிராஃபிக்ஸ் அமைப்போ புகுந்து வேலை செய்கிறது. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே போனால் நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். மங்காது, ஆனால் மவுஸ் இழுத்து இழுத்து நகரும். டிவியை மானிட்டராக மாட்டியிருந்தால் டிவியின் ரிமோட்டில் அந்த இணைப்பின் வகையைக் கணினி என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் இந்த ஒரு மாற்றமே போதும்.

ஒரு மென்பொருள் மட்டும் மங்கல்

மார்த்தாண்டத்துக் கடையின் நோய் இதுதான். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 'அன்அவேர்'. இதில் வியக்க ஒன்றுமில்லை. அச்சகங்களில் இன்னும் உயிரோடு இருக்கும் பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அந்தக் காலத்து மென்பொருளுக்கு 4கே என்ற சொல்லே தெரியாது.

மருந்து இருக்கும் இடம்: மென்பொருளின் ஷார்ட்கட்டில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, கீழே 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. திறக்கும் சிறு பெட்டியின் அடியில் 'ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டால் மூன்று தேர்வுகள் திறக்கும்: அப்ளிகேஷன், சிஸ்டம், சிஸ்டம் என்ஹான்ஸ்டு. இவற்றின் பெயர்கள் குழப்பினாலும் கேள்வி நம்முடைய பழைய கேள்விதான். பெரிதாக்குவது யார்? மென்பொருளா, விண்டோஸா, அல்லது கொஞ்சம் புத்தியோடு செயல்படும் விண்டோஸா?

மங்கலுக்கு முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' போட்டுப் பார்ப்பேன். 2017-இல் வந்த இந்த வழியில், விண்டோஸின் பழைய வரைபடக் கட்டளைகளால் எழுதப்படும் எழுத்துகளை நீட்டாமல் பெரிய அளவிலேயே புதிதாக வரைந்துவிடும். பழைய கணக்குமென்பொருள், பில் மென்பொருள் பலவற்றுக்கு இதுவே போதும். தானே பிக்சல் பிக்சலாக வரைந்துகொள்ளும் மென்பொருளுக்குப் பயன்படாது.

அச்சகத்தில் இதைப் போட்டதும் மெனு எழுத்துகள் துல்லியமாகிவிட்டன. ஆனால் பக்கத்தின் ஓரத்திலிருந்த அளவுகோல் கோடுகள் எழுத்தோடு ஒட்டாமல் ஒரு நூல் விலகி நின்றன. வடிவமைக்கிறவருக்கு இது ஒத்துவராது. அடுத்து 'அப்ளிகேஷன்' போட்டேன். பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிற்று, புள்ளிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் கருவிப்பெட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. டைப் செய்யும் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "கருவிப்பெட்டியை நான் பார்ப்பதே இல்லை. கைக்கு எல்லாம் கீபோர்டில் பழக்கம். பக்கம் தெளிவாக இருந்தால் போதும்" என்றார். அதோடு முடிந்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ள கைக்கு ஏற்ற அமைப்பு புதிதாகக் கற்கிறவருக்கு ஏற்காது. மென்பொருளை உபயோகிப்பவரைக் கேட்காமல் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

மாற்றியபின் மென்பொருளை முழுக்க மூடித் திறக்கவேண்டும். அப்படியும் மாறவில்லை என்றால் நீங்கள் மாற்றியது வாசலை மட்டும்தான். சில மென்பொருள்களில் ஷார்ட்கட் திறப்பது ஒரு சிறு தொடக்க நிரலை. அது உள்ளே இன்னொன்றை ஓடவைக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த உண்மையான ஆளைக் கண்டுபிடித்து, வலது கிளிக்கில் 'ஓபன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்து, அந்தக் கோப்பிலேயே அமைப்பை மாற்றுங்கள்.

எழுத்தும் ஐகானும் எறும்பு அளவு

இது முந்தையதற்கு நேர் எதிர். "எனக்கு எல்லாம் தெரியும், நீட்டவேண்டாம்" என்று மென்பொருள் விண்டோஸிடம் சொல்லிவிட்டுத் தானும் பெரிதாக்காமல் சும்மா இருக்கிறது. அதே பெட்டியில் 'சிஸ்டம்' போடுங்கள். கொஞ்சம் மங்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். 150 சதவீதத்தில் நீட்டுவதைவிட 200-இல் நீட்டும்போது மங்கல் குறைவு. ஒரு பிக்சல் சரியாக நான்காகிறது, ஒன்றரைப் பிக்சலை யார் மடியில் வைப்பது என்ற சண்டை இல்லை.

ஜாவாவில் எழுதியவை இந்த விஷயத்தில் ஒரு தனிச் சாதி. ஜாவா 9, 2017-இல் வந்தபோதுதான் விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்த அளவுமாற்றத்தைக் கற்றுக்கொண்டது. ஜாவா 8 வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருள் உங்களிடம் இருந்தால், அதை ஓடவைக்கும் ஜாவா கோப்பிலேயே 'சிஸ்டம்' போடவேண்டியிருக்கும். அதே ஜாவாவில் ஓடும் மற்றவையும் சேர்ந்து நீளும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய படத்திருத்த மென்பொருளில் மெனு பொடியாக இருக்கிறதென்று 'சிஸ்டம்' போட்டால் மெனுவோடு சேர்ந்து படமும் நீட்டப்படும். மணப்பெண்ணின் முகம் மென்மையாகத் தெரிகிறதே என்று கூர்மையைக் கூட்டுவீர்கள். ஆல்பம் அச்சாகி வந்தபின் ஒவ்வொரு மயிர்க்காலும் கம்பிபோல் நிற்கும். படம் திருத்துகிறவர்கள் பொடி மெனுவோடு வாழப் பழகலாம், அல்லது புதிய பதிப்புக்கு மாறலாம். நடுவழி கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

'சேவ்' பொத்தானைக் காணவில்லை

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. எடை போட்டு, தரம் பார்த்து, விலை ஏற்றி எல்லாம் அடித்துவிடலாம், சேமிக்க மட்டும் முடியாது. பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. மழை தொடங்கினால் பால்வெட்டு நின்றுவிடும் என்று அதற்கு முன்பே சரக்கு ஏற்றும் அவசரத்தில் இருந்த அண்ணாச்சி, கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

இதற்கு 4கே எதுவும் வேண்டாம். மலிவான லேப்டாப்பே போதும். 1366-க்கு 768 திரையில் 125 சதவீதம் வைத்தால் மென்பொருளுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 1093-க்கு 614. ஃபுல் எச்டி திரையில் 150 வைத்தால் 1280-க்கு 720. அந்த பில் மென்பொருளின் ஜன்னல் 700 பிக்சல் உயரத்துக்கு, இழுத்துச் சிறிதாக்கவும் முடியாதபடி கட்டப்பட்டிருந்தது. 614-க்குள் 700 எப்படி அடங்கும்?

அவசரத்துக்கு மூன்று கைவைத்தியம் உண்டு. ஆல்ட் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் ஜன்னலின் மெனு வரும். அதில் 'மூவ்' தேர்ந்தெடுத்து மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் திரைக்கு மேலே நழுவி, கீழ்ப்பகுதி தெரியவரும். முடியாவிட்டால் கடைசிப் பெட்டியிலிருந்து டேப் தட்டிக்கொண்டே போய் என்டர் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொத்தானும் வேலை செய்யும், ஆனால் எத்தனை முறை தட்டவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் 'கேன்சல்' மேல் போய் விழுவீர்கள். மூன்றாவது, டாஸ்க்பார் தானாக மறையும்படி வைப்பது. சில சமயம் அந்தச் சிறு உயரமே போதும்.

அண்ணாச்சிக்கு நான் செய்தது ஸ்கேலை 100-க்கு இறக்கியதுதான். "எழுத்து சின்னதாகிவிட்டதே மக்களே" என்றார். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி பகுதியில் எழுத்தின் அளவை மட்டும் கூட்டும் ஒரு சறுக்கி இருக்கிறது. ஜன்னலின் அளவைத் தொடாமல் விண்டோஸின் சொந்த எழுத்துகளை 225 சதவீதம் வரை கூட்டலாம். 115 வைத்தேன். பில் மென்பொருளின் உள்ளெழுத்தை அது மாற்றவில்லை. டெஸ்க்டாப்பும் கோப்புப் பெயர்களும் பெரிதாயின. அவருக்கு அது போதுமாக இருந்தது. சறுக்கியை ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள், வேறு மென்பொருள்களில் எழுத்து கட்டத்துக்கு வெளியே பிதுங்கும்.

லேப்டாப்பில் சரி, வெளி மானிட்டருக்கு இழுத்தால் கெட்டுப்போகிறது

லேப்டாப் 150 சதவீதம், மேசைமேல் பழைய மானிட்டர் 100 சதவீதம். 'சிஸ்டம்' வகை மென்பொருள் நீங்கள் விண்டோஸுக்குள் நுழைந்தபோது எது முதன்மைத் திரையோ அதன் அளவைத்தான் மனத்தில் வைத்திருக்கும். அடுத்த திரைக்குப் போனதும் விண்டோஸ் படத்தைச் சுருக்கியோ நீட்டியோ ஒப்பேற்றும்.

எந்தத் திரையில் அதிக நேரம் வேலையோ அதை முதன்மையாக்குங்கள். பிறகு சைன் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். இந்தக் கடைசிப் படியை எல்லோரும் விட்டுவிட்டு "மாற்றினேன், பயனில்லை" என்கிறார்கள். இரண்டு திரைக்கும் ஒரே சதவீதம் வைக்க முடிந்தால் தலைவலியே இல்லை.

மவுஸ் ஓரிடத்தில் இருக்க, கிளிக் விழுவது விரற்கடை தள்ளி என்றால் அதுவும் இந்தக் குடும்பத்து நோய். திரையைப் படம்பிடிக்கும் மென்பொருள், கையொப்பப் பலகை போன்றவற்றில் அடிக்கடி பார்க்கலாம். விண்டோஸ் ஒரு கணக்கில் சொல்ல, மென்பொருள் வேறு கணக்கில் கேட்டுக்கொள்கிறது. கம்பாட்டிபிலிட்டிப் பெட்டியில் இப்போது இருப்பதற்கு எதிரானதைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்தால் மட்டும்

நாகர்கோவிலில் ஆடிட்டர் அலுவலகங்களில் மார்ச் மாதம் வந்தால் இந்தக் கேள்வி வரும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும்போது ஸ்கேல் அளவைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுக் கணினி. உள்ளே போய் டிஸ்ப்ளே அமைப்பை மாற்றத் தேடாதீர்கள். இணைப்பைத் துண்டித்து, வீட்டுக் கணினியில் சதவீதத்தை மாற்றி, மறுபடி இணையுங்கள். உள்ளே ஏற்கெனவே திறந்திருந்த பழைய மென்பொருள்களை மூடித் திறக்கவும் வேண்டும்.

ஸ்கேல் பட்டியலே சாம்பல் நிறத்தில் உறைந்திருக்கிறது

யாரோ 'கஸ்டம் ஸ்கேலிங்' பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். 100 முதல் 500 வரை எதையும் அது வாங்கிக்கொள்ளும். எல்லாத் திரைக்கும் ஒரே அளவாகத் திணிக்கும். அதை அணைத்து, சைன் அவுட் செய்யுங்கள். 137 சதவீதத்தால் நன்மை அடைந்த மனிதர் எவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பள்ளிக்கூடக் கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான். அங்கே கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் நம் பக்கத்திலும் வசிக்கிறார்கள். உபுண்டுவின் டிஸ்ப்ளே அமைப்பில் 100, 200 என்ற முழு அளவுகள் நேரடியாகக் கிடைக்கும். நடுவில் 125, 150 வேண்டுமானால் பல பதிப்புகளில் 'ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்' பொத்தானை இயக்கவேண்டும். இயக்கியதும் சில மென்பொருள்கள் மட்டும் மங்கினால் அவை, லினக்ஸில் திரைக்கு வரையும் புதிய ஏற்பாடான வேலண்ட் தெரியாமல், பழைய எக்ஸ் ஏற்பாட்டுக்கு எழுதப்பட்ட வகை. நீட்டுகிறவர் இங்கே விண்டோஸுக்குப் பதில் டெஸ்க்டாப், அவ்வளவுதான் வேறுபாடு. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மாவில் 2022-இன் 5.26 பதிப்பிலிருந்து, பழைய மென்பொருள்கள் தம்மைத் தாமே பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று சொல்ல ஒரு தேர்வு உண்டு. உபுண்டுவோடு வரும் ஜினோம் டெஸ்க்டாப்பில் எனக்குப் பிடித்த வழி, அளவை 100-இலோ 200-இலோ நிறுத்திவிட்டு எழுத்தின் அளவை மட்டும் கூட்டுவது.

பில் மென்பொருள் எழுதித்தரும் தம்பிமாருக்கு

குலசேகரத்து மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டது. 1998-இன் சரக்கு அது. அதன் அளவு அலகு ட்விப். ஓர் அங்குலத்துக்கு 1440. திரை 96 கணக்கில் இருந்தால் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். நிரலில் இடம்விட்டு இடம் 15-ஆல் பெருக்கியும் வகுத்தும் வைத்திருந்தார்கள். 150 சதவீதத்தில் அது 10 ஆகிவிடும். விண்டோஸ் 96 என்று பொய் சொல்லும்வரை எல்லாம் ஓடும். மங்கலைப் போக்குகிறேன் என்று மேனிஃபெஸ்டில் (மென்பொருள் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று அறிவித்த அன்றைக்கு, 15 என்று எழுதிய இடமெல்லாம் ஒன்றரை மடங்கு பிசகும். அறிவிப்பதற்கு முன் அந்த 15-களைத் தேடிக் களையெடுங்கள்.

டாட் நெட்டில் எழுதுகிறவர்களுக்கு வேலை எளிது. 2017-இல் வந்த டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.7 முதல் விண்டோஸ் ஃபார்ம்ஸில் பெர்-மானிட்டர் வி2 ஆதரவு இருக்கிறது. திரை மாறும்போது வரும் அறிவிப்பிலேயே ஜன்னல் எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதை விண்டோஸ் சொல்லிவிடும். அதை வாங்கி அப்படியே வையுங்கள், சொந்தமாகக் கணக்குப் போடாதீர்கள். ஐகான்களை 16 பிக்சலில் மட்டும் கொடுத்து நிறுத்தாமல் 20, 24, 32 ஆகியவற்றிலும் வரைந்து சேருங்கள். ஜன்னலை இழுத்து அளவுமாற்ற விடுங்கள், உள்ளே உருட்டுப்பட்டை வையுங்கள்.

சோதிக்க விலை கூடிய மானிட்டர் எதுவும் தேவையில்லை. கடையில் இருக்கும் மிக மலிவான லேப்டாப்பை எடுத்து, 1366-க்கு 768-இல் 125 சதவீதம் வைத்து, உங்கள் மென்பொருளைத் திறந்து 'சேவ்' பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ரப்பர் கடை அண்ணாச்சியிடம் தைரியமாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.